வானில் நின்ற பொறியும் வரம்பில் நின்ற மனிதனும்

எங்கள் நானாட்டானில் மாதம் ஒருமுறை கூடும் வாசகர் வட்டம் ஒன்று உண்டு. ஆசிரியர் சிலர், உயர்தர வகுப்பு மாணவர் சிலர், வயல்வேலை போக எஞ்சிய பொழுதில் நூலும் பத்திரிகையும் படிக்கும் பெரியவர் சிலர் என இருபது முப்பது பேர் கூடுவோம். ஒருவர் ஏதேனும் ஒரு பொருள் பற்றிப் பேசுவார். பின்னர் தேநீர் அருந்தியபடி அதனைக் குறித்து உரையாடிவிட்டுக் கலைவோம். பெரும்பாலும் இலக்கியமே எங்கள் பேசுபொருள். ஆனால் அண்மையில் நடந்த கூட்டமொன்றில், கணிதப் பிரிவிற் பயிலும் மாணவன் ஒருவன் "தாக்குதல் ஹெலிகொப்டர் உருவான வரலாறு" என்னும் தலைப்பிற் பேசினான்.

பையன் கெட்டிக்காரன். பொருளை நன்கு கற்றே வந்திருந்தான். படங்களைப் பெரிதாக அச்சிட்டுக் கொணர்ந்து சுவரில் ஒட்டியிருந்தான். இளைஞர்கள் வாய்திறந்து கேட்டுக்கொண்டிருந்தனர். பேச்சின் நடுவிலே அவன் தன் கைபேசியை ஒரு சிறு ஒலிபெருக்கியோடு இணைத்து, "இப்போது அதன் ஓசையைக் கேளுங்கள்" என்று சொல்லி ஒலிப்பதிவு ஒன்றை இயக்கினான். தொலைவிலிருந்து நெருங்கி வரும் அந்த ஓசை மண்டபம் முழுவதும் நிறைந்தது. பின்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், தோளிற் கிடந்த துவாயை எடுத்துக்கொண்டு எழுந்து வெளியே போனார். எழுபதைத் தாண்டிய கமக்காரர் அவர். எந்தக் கூட்டத்திலும் இறுதிவரை இருப்பவர்.

கூட்டம் முடிந்ததும் மாணவன் என்னிடம் வந்தான். "சேர், அப்பு ஏன் எழும்பிப் போனவர்? நான் ஏதும் பிழையாகச் சொல்லிப்போட்டேனா?" என்று கேட்டான்.

"நீ சொன்னதில் ஒரு பிழையும் இல்லை" என்றேன். அது உண்மைதான். ஆயினும் அந்த விடை எனக்கே போதுமானதாகத் தோன்றவில்லை. சொன்னதிற் பிழையில்லையெனில், சொல்லாமல் விட்டது யாது? அதை அறியும் நோக்குடன், அவன் படித்தவற்றையும் அவற்றுக்கு அப்பாலும் சிலவற்றை நானும் எடுத்துப் படித்தேன். படித்ததன் பயனாக எனக்குத் தோன்றியவற்றை ஈண்டு எழுதுகின்றேன்.

பனையோலைக் காற்றாடி

ஹெலிகொப்டரின் அடிப்படையை விளங்கிக்கொள்வதற்கு நாம் அதிக தூரம் போகவேண்டியதில்லை. பனையோலையைக் கிழித்து, ஈர்க்கிற் குத்தி, காற்றாடி செய்யாத பிள்ளை எங்கள் பக்கத்தில் இராது. சோளகக் காற்று வீசும்போது அக்காற்றாடி தானே சுழலும். மன்னார்த் தீவின் தென்கரையில் 2020இல் திறந்து வைக்கப்பட்ட 'தம்பபவனி' காற்றாலையின் 30 கோபுரங்களும் அதே வேலையைப் பெரிய அளவிற் செய்கின்றன. காற்று தகட்டைத் தள்ளுகிறது, தகடு சுழல்கிறது. இதனைத் தலைகீழாக்கினால் ஹெலிகொப்டர் கிடைக்கும். இயந்திரம் தகட்டைச் சுழற்றுகிறது. தகடு காற்றைக் கீழே தள்ளுகிறது. அதற்கு எதிர்விளைவாகப் பொறி மேலே எழுகின்றது.

இவ்வளவு எளிய கருத்து நடைமுறைக்கு வருவதற்கு ஏன் நெடுங்காலம் சென்றது? மேலே சுழலி ஒரு பக்கமாகச் சுற்ற, கீழே உடல் மறுபக்கமாகச் சுற்றத் தொடங்கும். அதைத் தடுத்து நிறுத்தவே வாலில் ஒரு சிறு விசிறி வைக்கப்படுகிறது. அடுத்து, முன்னோக்கிப் பறக்கும்போது இன்னொரு சிக்கல் எழுகிறது. தகட்டு நுனியின் வேகம் மணிக்கு 780 கிலோமீற்றர் என்றும், பொறி மணிக்கு 300 கிலோமீற்றர் வேகத்தில் முன்னேறுகிறது என்றும் கொள்வோம். முன்புறம் செல்லும் தகட்டின் நுனி காற்றை 1,080 கிலோமீற்றர் வேகத்தில் எதிர்கொள்ளும். பின்புறம் திரும்பும் தகட்டின் நுனியோ 480 கிலோமீற்றர் வேகத்திலேயே எதிர்கொள்ளும். ஒருபக்கம் தூக்கும் விசை மிகும், மறுபக்கம் குறையும். பொறி கவிழாமல் இருக்கவேண்டுமாயின், ஒவ்வொரு தகடும் ஒரு சுற்றுக்குள்ளேயே தன் சாய்வைக் கூட்டியும் குறைத்தும் சமன் செய்ய வேண்டும். ஒரு நொடிக்குட் பலமுறை இது நிகழ்தல் வேண்டும்.

இகோர் சிகோர்ஸ்கி என்பார் ரஷ்யப் பேரரசின் கீவ் நகரிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறியவர். அவர் அமைத்த வி.எஸ்.300 என்னும் பொறி, 1939 செப்டெம்பர் 14ஆம் நாள், கயிற்றாற் கட்டப்பட்ட நிலையில் நிலத்தைவிட்டுச் சிறிதே எழும்பிற்று. ஒரு பெரிய சுழலியும் வாலில் ஒரு சிறு விசிறியும் கொண்ட இன்றைய அமைப்பு, அதன் வழியாகவே உலகில் நிலைபெற்றது.

உயிர் காக்க வந்தது

சிறகுள்ள விமானம் ஓடிக்கொண்டே இருந்தாற்றான் வானில் நிற்கும். ஹெலிகொப்டரோ ஓடாமலே நிற்கும். இந்த ஒரு குணமே அதன் சிறப்பு. அக்குணத்தை மனிதன் முதன்முதலில் எதற்குப் பயன்படுத்தினான் என்பதை நோக்கின் உள்ளம் குளிரும்.

1944 ஜனவரி 3ஆம் நாள், நியூயோர்க் துறைமுகத்தருகே போர்க்கப்பலொன்று வெடித்துப் பலர் எரிகாயமுற்றனர். பனிப்புயலில் வேறு விமானங்கள் எழமுடியாதிருந்தபோது, சிகோர்ஸ்கியின் ஹெலிகொப்டர் ஒன்று காயப்பட்டோருக்கான இரத்தத் திரவத்தைச் சுமந்து சென்றது. அதே ஆண்டு ஏப்ரிலில், பர்மாக் காட்டில் வீழ்ந்த விமானமொன்றிலிருந்தோர் பகைவர் சூழ்ந்த இடத்திற் சிக்கிக்கொண்டனர். கார்ட்டர் ஹார்மன் என்னும் இளம் விமானி தம் சிறு ஹெலிகொப்டருடன் அங்கே சென்றார். பர்மாவின் வெப்பக் காற்றில் அதனால் ஒருவேளைக்கு ஒருவரைத்தான் தூக்க முடிந்தது. நான்கு முறை சென்று நால்வரையும் மீட்டார். கொரியப் போரின்போது, பக்கவாட்டில் இரு படுக்கைகளைக் கட்டிய பெல் 47 முதலிய ஹெலிகொப்டர்கள் 20,000க்கு மேற்பட்ட காயக்காரரைப் போர்க்களத்திலிருந்து ஏற்றிச் சென்றன.

ஆயுதம் அதன்பின்னரே ஏறிற்று. 1954 முதல் 1962 வரை நிகழ்ந்த அல்ஜீரியப் போரில், பிரெஞ்சுப் படையினர் ஆளேற்றும் ஹெலிகொப்டர்களின் கதவோரத்திற் பீரங்கித் துப்பாக்கிகளைப் பொருத்திப் பார்த்தனர். வியட்நாமிற் போருக்குச் சென்ற அமெரிக்கரும் பெல் நிறுவனத்தின் யு.எச்.1 ஹெலிகொப்டர்களில் அவ்வாறே துப்பாக்கியும் றொக்கற்றும் கட்டினர். அங்கேதான் ஒரு புதிய இடர் தோன்றிற்று. ஆயுதச் சுமையால் மெதுவாகிப்போன காவல் ஹெலிகொப்டர்கள், தாங்கள் காக்கவேண்டிய ஆளேற்றும் ஹெலிகொப்டர்களுக்கு ஈடுகொடுத்துப் பறக்க இயலாமற் பின்தங்கின. ஆகவே ஆயுதத்தைச் சுமப்பதற்கென்றே ஒரு பொறி வேண்டும் என்ற எண்ணம் பிறந்தது.

மூன்றடி அகலம்

பெல் நிறுவனம் தன் சொந்தச் செலவிலேயே அத்தகைய ஒன்றை அமைத்தது. யு.எச்.1 இன் இயந்திரத்தையும் சுழலியையும் பற்சக்கரப் பெட்டியையும் அப்படியே எடுத்துக்கொண்டு, உடலை மட்டும் புதிதாக வடித்தனர். எட்டடிக்கு மேல் அகன்றிருந்த உடல் ஏறத்தாழ மூன்றடியாக ஒடுங்கிற்று. அருகருகே இருந்த இருவரும் ஒருவர்பின் ஒருவராக அமர்த்தப்பட்டனர். முன்னே துப்பாக்கியை இயக்குபவர். பின்னே சற்று உயர்ந்த இருக்கையில் விமானி. 'கோப்ரா' எனப் பெயர்பெற்ற இப்பொறி 1965 செப்டெம்பர் 7ஆம் நாள் முதன்முறை பறந்தது. 1967இல் வியட்நாமுக்குச் சென்றது. தாக்குவதற்கென்றே பிறந்து பெருந்தொகையாகக் கட்டப்பட்ட முதல் ஹெலிகொப்டர் இதுவே.

ஏன் மூன்றடி? மனிதனொருவன் தோளோடு தோள் ஒட்டாமல் அமர்வதற்குப் போதிய அளவு அது. கீழிருந்து சுடுபவனுக்கு எவ்வளவு குறைந்த இலக்கைக் காட்டலாமோ அவ்வளவே காட்டவேண்டும் என்பது அந்த அளவின் பொருள். இங்கிருந்து தொடங்கி, இவ்வகைப் பொறிகளின் ஒவ்வோர் உறுப்பும் ஒரே வினாவுக்கு விடையாக வருவதை நான் கண்டேன். உள்ளே இருப்பவன் சென்று, தாக்கி, உயிரோடு மீள்வது எங்ஙனம் என்பதே அவ்வினா.

சோவியத் நாட்டில் மிகையீல் மில் வேறு வழியைத் தேர்ந்தார். போர்வீரரையும் ஏற்றிச்சென்று அவர்களுக்காகச் சண்டையும் இடும் பறக்கும் கவசவண்டி ஒன்றை அவர் எண்ணினார். அவ்வெண்ணத்திற் பிறந்த எம்.ஐ.24, 1969 செப்டெம்பர் 19ஆம் நாள் முதன்முறை எழுந்தது. நான்கு மாதங்கள் கழித்து, 1970 ஜனவரி இறுதியில் மில் காலமானார். கோப்ராவோடு ஒப்பிட்டால் இது யானை. எட்டு வீரர்கள் உள்ளே அமரலாம். முழுச் சுமையோடு ஏறத்தாழ 12 தொன். ஐந்து தகடுகள் கொண்ட சுழலி. பக்கத்திலுள்ள சிறு சிறகுகள் ஆயுதம் தூக்குவதற்கு மாத்திரம் உரியவையல்ல. வேகமாகப் பறக்கும்போது தூக்கு விசையில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கை அவையே தருகின்றன.

முதலிற் செய்த மாதிரியில் விமானிகளின் அறை தட்டையான கண்ணாடிச் சட்டங்களால் அமைந்திருந்தது. அதனுள்ளிருந்து வெளியைச் செவ்வையாகப் பார்க்க முடியவில்லை. எனவே முன்பகுதி முழுவதையும் மாற்றி, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு குமிழ்க் கண்ணாடி அறைகளை வைத்தனர். விமானியைச் சுற்றி டைட்டேனியக் கவசத் தொட்டி அமைந்தது. ஆப்கானிஸ்தானத்தில், வெப்பத்தைத் தேடிவரும் தோள் ஏவுகணைகளுக்கு இப்பொறிகள் இரையானபோது, இயந்திரப் புகையைக் குளிர்காற்றோடு கலந்து வெளிவிடும் பெட்டிகள் பொருத்தப்பட்டன. ஒவ்வொரு மாற்றமும் யாரோ ஒரு விமானியின் மரணத்திலிருந்து கற்ற பாடம்.

அமெரிக்கரின் 'அப்பாச்சி' 1975 செப்டெம்பர் 30ஆம் நாள் முதன்முறை பறந்தது. எண்ணெய் முழுதும் ஒழுகிப்போன பின்னரும் ஏறத்தாழ அரைமணி நேரம் சுழலக்கூடிய பற்சக்கரப் பெட்டி அதற்கு உண்டு. தலைக்கவசம் திரும்பும் திசையிலே துப்பாக்கியும் திரும்பும். இருளிலும் வெப்பத்தைக் கொண்டு உருவங்களைக் காட்டும் கண் அதன் மூக்கிலே உள்ளது. விமானி நோக்கினாற் போதும். துப்பாக்கி தானாகவே அங்கே நோக்கும்.

மலையுச்சியின் மெல்லிய காற்று

நம் அயலிலே இக்கலை எங்ஙனம் வளர்ந்தது என்பது இன்னும் சுவையான வரலாறு. 1940இல் பெங்களூரிலே தொடங்கப்பட்ட இந்துஸ்தான் விமான நிறுவனம், 1984 முதல் ஜேர்மனிய நிறுவனமொன்றின் துணையோடு 'துருவ்' என்னும் பொதுப்பயன் ஹெலிகொப்டரை வடிவமைத்தது. அது 1992 ஓகஸ்ட் 20ஆம் நாள் முதன்முறை பறந்தது. அக்காலத்தில் இந்திய விமானப்படையின் தாக்குதல் வேலைக்கு உரியனவாக இருந்தவை மில்லின் பொறியின் வழிவந்த எம்.ஐ.25, எம்.ஐ.35 ஆகியவையே. 1987இல் இந்திய அமைதிப்படையோடு எம்.ஐ.25 எங்கள் நாட்டுக்கும் வந்தது.

1999இல் கார்கில் மலைகளிலே போர் மூண்டது. 4,500 முதல் 5,000 மீற்றர் வரை உயர்ந்த முகடுகளிற் பகைவர் இருந்தனர். 5,000 மீற்றர் உயரத்திற் காற்றின் செறிவு கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 60 வீதமே. தகடு தள்ளுவதற்குக் காற்றுக் குறைவு. இயந்திரம் மூச்சுவாங்குவதற்கும் காற்றுக் குறைவு. பன்னிரண்டு தொன் யானை அங்கே ஏற இயலவில்லை. ஆளேற்றும் எம்.ஐ.17 ஹெலிகொப்டர்களில் றொக்கற்றுகளைக் கட்டி அனுப்பினர். மே 28ஆம் நாள் தோலோலிங் அருகே அவற்றுள் ஒன்று ஏவுகணையால் வீழ்த்தப்பட்டு, உள்ளிருந்த நால்வரும் மாண்டனர்.

மெல்லிய காற்றிற் பறக்கும் இலகுவான தாக்குதல் ஹெலிகொப்டர் வேண்டும் என்னும் எண்ணம் அப்போரிலிருந்து வலுப்பெற்றது. 2006இல் பணி தொடங்கிற்று. கோப்ரா பிறந்த முறையே இங்கும் பின்பற்றப்பட்டது. துருவின் சுழலியையும் பற்சக்கரப் பெட்டியையும், பிரெஞ்சு நிறுவனமொன்றுடன் சேர்ந்து ஆக்கிய 'சக்தி' இயந்திரங்கள் இரண்டையும் எடுத்துக்கொண்டு, ஒடுங்கிய புதிய உடலை அமைத்தனர். நான்கு தகடுகளும் கூட்டுப்பொருளால் ஆனவை. உடலின் பக்கங்கள் ரேடார் அலைகளைச் சிதறச்செய்யுமாறு கோணங்களாக வெட்டப்பட்டவை. மூக்கின்கீழே 20 மில்லிமீற்றர்த் துப்பாக்கி; சிறு சிறகுகளிலே 70 மில்லிமீற்றர் றொக்கற்றுகளும் வானில் வரும் பகைக்கலத்தை அடிக்கும் ஏவுகணைகளும்.

2010 மார்ச் 29ஆம் நாள் முதல் மாதிரி பெங்களூரில் எழுந்தது. ஆனால் எதிர்பார்த்ததைவிட அதன் எடை மிகுந்திருந்தது. மெல்லிய காற்றை வெல்லப் பிறந்த பொறிக்கு எடையே முதற்பகை. அடுத்தடுத்த மாதிரிகளில் உறுப்புறுப்பாக எடையைக் குறைத்தனர். நான்கு மாதிரிகள் கட்டப்பட்டன. லடாக்கின் கடுங்குளிரிலும் ராஜஸ்தானத்தின் கடுவெயிலிலும் அவற்றைச் சோதித்தனர். சியாச்சினில் 4,700 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் இறங்கியும் எழுந்தும் காட்டினர். உச்சச் சுமை 5.8 தொன், எட்டக்கூடிய உயரம் ஏறத்தாழ 6,500 மீற்றர். 2022 ஒக்டோபர் 3ஆம் நாள் ஜோத்பூரில் 'பிரசண்ட்' என்னும் பெயரோடு அது விமானப்படையிற் சேர்ந்தது. 2025 மார்ச்சில் தரைப்படைக்கு 90, விமானப்படைக்கு 66 என 156 பொறிகளுக்கு 62,700 கோடி இந்திய ரூபாவுக்கு ஒப்பந்தம் எழுதப்பட்டது.

முதற் பறப்புக்கும் படையிற் சேர்ந்ததற்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகள்! ஒரு பொறியைச் செய்துமுடிக்க எத்தனை பேர் எத்தனை இரவுகள் விழித்திருக்க வேண்டும்! அவ்வுழைப்பை நான் மனமார மதிக்கின்றேன். இதே துருவின் பொறிகள் 2013இல் உத்தரகாண்ட் வெள்ளத்திற் சிக்கிய யாத்திரிகரைத் தூக்கி வந்ததையும் மறந்துவிடலாகாது.

கீழே நின்றவன்

இவ்வளவும் படித்த பின்னரே, மாணவன் சொல்லாமல் விட்டது எனக்குப் புலப்பட்டது. வடிவமைப்பாளரின் கணக்கிலே உள்ளே இருப்பவனுக்கு ஆயிரம் கவனிப்பு உண்டு. அவனது இருக்கை விழுகையின் அதிர்ச்சியைத் தாங்கும். அவனது எரிபொருட் தாங்கி குண்டு துளைத்தாலும் தானே அடைத்துக்கொள்ளும். கீழே இருப்பவனுக்கு அக்கணக்கில் ஒரு சொல்லே உண்டு. 'இலக்கு' என்பதே அச்சொல்.

வெப்பத்தைக் காணும் கண்ணைப் பற்றிச் சற்று எண்ணிப் பாருங்கள். காலபோக அறுவடை நெருங்கும் நாட்களில், கட்டுக்கரைக்குளத்து நீர் பாயும் எங்கள் வயல்களில், பன்றி வராமற் காக்கக் கமக்காரன் இரவு முழுதும் காவற் கொட்டிலிற் கிடப்பான். அருகே தீ எரியும். கையிலே ஒரு தடி இருக்கும். அந்தக் கண்ணுக்குத் தீயும் வெப்பம், மனிதனும் வெப்பம், வரம்பிற் படுத்திருக்கும் எருமையும் வெப்பம். பல கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து அவன் உருவத்தை அது காட்டும். கையிலுள்ளது தடியோ துவக்கோ என்பதை ஐயமின்றிச் சொல்லாது. இந்த ஐயத்தை எந்தப் பற்சக்கரமும் தீர்க்காது. அதைத் தீர்க்கவேண்டியவன் உள்ளே இருக்கும் மனிதனே.

எங்கள் நாட்டு விமானப்படையிடம் 1980களில் இருந்தவை பெல் 212 ஹெலிகொப்டர்கள். வியட்நாமிற் பறந்த யு.எச்.1 இன் இரட்டை இயந்திர வழித்தோன்றல் அது. அக்காலத்தில் அவற்றில் துப்பாக்கிகள் பொருத்தப்பட்டன. 1995இல் எம்.ஐ.24 வந்தது; அதற்கென ஹிங்குராக்கொடையில் 9ஆம் இலக்க அணி அமைந்தது. 2009இற் போர் முடியும்வரை, உலங்குவானூர்தி எனப் பத்திரிகைகள் எழுதிய இதனை எங்கள் பக்கத்தார் 'ஹெலி' என்னும் ஒற்றைச் சொல்லால் அறிந்திருந்தனர். அதனினும் மேலாக ஓசையால் அறிந்திருந்தனர்.

அவ்வோசைக்கும் ஒரு காரணம் உண்டு. ஒவ்வொரு தகடும் தன் நுனியிலே ஒரு காற்றுச் சுழியை விட்டுச் செல்கிறது. அடுத்த தகடு அச்சுழியை வெட்டும்போது அறைந்தாற் போன்ற ஒலி எழுகிறது. இரண்டு அகன்ற தகடுகள் உள்ள பெல் 212, பறையை ஓங்கி அடிப்பதுபோல் ஒலிக்கும். ஐந்து தகடுகள் உள்ள எம்.ஐ.24 இன் ஓசையில் அடிகள் நெருங்கி ஒன்றோடொன்று கலக்கும். நான் படிப்பித்த பாடசாலையின் வளவில், பனங்குற்றி அடுக்கி மண்போட்ட பதுங்குகுழி இருந்தது. கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பிள்ளைகள் காதால் வானத்தைப் படித்தனர். எந்தப் பொறி, எந்தத் திசை, வருகிறதா போகிறதா என்பதை என்னிலும் முன்பாகச் சொல்லுவர். ஒலியியற் பாடத்தை அவர்களுக்கு நான் கற்பிக்கவில்லை, அச்சமே கற்பித்தது. எங்கள் தரை தட்டையானது. குளக்கட்டைத் தாண்டி ஓசை வெகுதூரம் வரும். ஓசை கேட்டதற்கும் பொறி கண்ணிற் பட்டதற்கும் இடையே உள்ள சில கணங்களே குழிக்குள் இறங்குவதற்கு எங்களுக்குக் கிடைத்த காலம்.

தகட்டின் எண்ணிக்கையைக் கூட்டியும் நுனியின் வேகத்தைக் குறைத்தும் ஓசையைத் தணிக்க வடிவமைப்பாளர் முயல்வதைப் படித்தபோது, அது நல்ல முயற்சி என்று என் அறிவு சொல்லிற்று. எங்களுக்குக் கிடைத்த அந்தச் சில கணங்களும் போய்விடுமே என்று என் நெஞ்சு சொல்லிற்று.

இத்தனைக்கும் பிறகு நான் அப்பொறியை வெறுக்கிறேனா? அவ்வாறும் சொல்ல முடியவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் எங்கள் நாட்டைச் சூறையாடியபோது, அருவி ஆறும் பெருகிற்று. நாட்டின் பல பாகங்களிலும் கூரைமேல் நின்றோரையும் மரத்தைப் பற்றியிருந்தோரையும் ஹெலிகொப்டர்களே வந்து தூக்கின. நவம்பர் 30ஆம் நாள், நிவாரணப் பணியில் ஈடுபட்டிருந்த ஒரு பெல் 212 லுணுவில அருகே வீழ்ந்து, அதன் விமானி உயிர்துறந்தார். ஒருகாலத்தில் எந்த ஓசையைக் கேட்டு நாங்கள் மண்ணுக்குட் புகுந்தோமோ, அதே இரு தகட்டின் ஓசையைக் கேட்டு மக்கள் கூரைமேலேறிக் கையசைத்தனர். ஓடாமல் வானில் நிற்கும் அந்த ஒரே குணந்தான் இரண்டுக்கும் காரணம். நின்று பார்ப்பவன் எதற்காகப் பார்க்கிறான் என்பதிலேதான் வேறுபாடு முழுவதும் அடங்கியுள்ளது.

இவற்றை மாணவனிடம் சொன்னேன். அவன் தலைகுனிந்து கேட்டான். பின்பு, "அப்படியெண்டால் நான் இதைப் படிக்கக் கூடாதோ சேர்?" என்றான். விமானப் பொறியியல் கற்கவேண்டும் என்பது அவன் ஆசை.

நான் உடனே விடை கூறவில்லை. இருவருமாகப் பெரியவரின் வீட்டுக்குச் சென்றோம். அவர் முற்றத்திலே ஓலை கிழித்துக்கொண்டிருந்தார். மாணவன் தயங்கித் தயங்கி மன்னிப்புக் கேட்டான். "அப்பு, அந்தச் சத்தத்தைப் போட்டது பிழைதான்" என்றான்.

"உன்னிலை ஒரு பிழையுமில்லை, தம்பி" என்றார் அவர். "நல்லாத்தான் சொன்னாய். எனக்கு அந்தச் சத்தம் கேட்டவுடன காலெல்லாம் ஓடப் பாக்குது. நான் என்ன செய்ய?" என்று சிரித்தார். பின்னர் என்னைப் பார்த்து, "மாஸ்ரர், பிள்ளை படிக்கட்டும். மேலை போய்ப் பாக்கிறவனுக்குக் கீழை நிண்டவன்ரை கதையும் தெரிஞ்சிருந்தால் நல்லதுதானே" என்றார்.

நான் ஒரு வாரம் தேடிய விடையை அவர் ஓலை கிழிக்கும் கையை நிறுத்தாமலே சொல்லிவிட்டார். மாணவன் அவர் அருகே திண்ணையில் அமர்ந்து, தன் பேச்சை எழுதியிருந்த கொப்பியைத் திறந்தான். அதன் கடைசிப் பக்கங்கள் வெறுமையாக இருந்தன. "அப்பு, நீங்கள் முதன்முதலா அதைப் பாத்தது எப்ப?" என்று கேட்டு, எழுதுகோலை எடுத்தான். பொழுது சாயும்வரை அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.